கழுகும் வான்கோழியும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தேசியப் பக்ஷி வெண்தலைக் கழுகே என்று விதிக்கும் மசோதாவில் 2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பிரஸிடெண்ட் பைடன் கையொப்பமிட்டார். இச்செய்தியைப் படித்தோரில் பலர், 'அஃது ஏற்கெனவே அவ்வாறுதானே இருந்தது?' என்று வியந்திருப்பர். 1782-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி முதல் கழுகு அந்நாட்டின் ராஜாங்க முத்திரையில் வீற்றிருப்பது மெய். நாணயங்களிலும் படைகளின் சின்னங்களிலும் அது பொறிக்கப்பட்டிருப்பதும் மெய். ஆயினும் அதனைத் தேசியப் பக்ஷி என்று எந்தச் சட்டமும் அதுகாறும் கூறவில்லை. 242 வருஷ காலம் அனுபோக பாத்தியதையை மட்டும் கொண்டு குடியிருந்தவனுக்கு இப்பொழுதுதான் பட்டா வழங்கப்பட்டிருக்கிறது.

பட்டா வழங்குமுன் ஆக்ஷேபணை உண்டா என்று கேட்பது நியாயமான முறை. இவ்விஷயத்தில் ஆக்ஷேபணை ஒன்று நெடுநாளாக இருந்து வருகிறது. ஆக்ஷேபணைதாரர் அந்நாட்டுக் காட்டு வான்கோழி. அதன் பொருட்டு முதன்முதல் வாதித்தவரோ சாமானியரல்லர்; அமெரிக்க சுதந்திரத்தின் மூலபுருஷர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின். அந்த வாதம் வேடிக்கைப் பேச்சென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அஃது ஒதுக்கத்தக்கதன்று என்பதே நம் அபிப்பிராயம். ஒரு தேசம் தன்னை எதனோடு ஒப்பிட்டுக்கொள்கிறது என்பது, அத்தேசம் தன்னைப்பற்றி என்ன எண்ணியிருக்கிறது என்பதற்குச் சாக்ஷியாகும். அந்தச் சாக்ஷியை ஆராய்வது வீண் வேலையாகாது.

வான்கோழி என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம் நேயர்கள் நகைக்கக் கூடும். கல்லாதவன் கவி சொல்லப் புகுவதற்கு, மயிலைக் கண்டு தானும் ஆடப் புகுந்த வான்கோழியை உவமை கூறும் மூதுரைச் செய்யுளைத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே மனனம் செய்தவர்கள் நாம். ஆனால் வழக்கைக் கேட்குமுன்பே கட்சிக்காரரைப் பழமொழியால் தண்டிப்பது தகாது. மேலும், வான்கோழி என்று இன்று நாம் அழைக்கும் பக்ஷி அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்து அத்திக்கை அடைவதற்கு முன் அப்பறவை பாரத நாட்டில் கால் வைத்திருக்க வழியில்லை. ஆகவே, மூதுரை அக்காலத்துக்கு முந்தியதாயின், அதில் பழிக்கப்பட்டது வேறொரு பறவையாதல் வேண்டும். பெயரொற்றுமை கொண்டு ஒருவன் குற்றத்துக்கு மற்றொருவனைத் தண்டிப்பது எந்த நீதி நூலுக்கும் ஒவ்வாது.

இனி, வரலாற்றைப் பார்ப்போம். பிராங்க்ளின் வான்கோழியை ராஜாங்க முத்திரைக்குச் சிபார்சு செய்தாரென்றும், மற்றவர்கள் அதை நிராகரித்தனரென்றும் ஒரு கதை உலகமெங்கும் வழங்குகிறது. அது பிழை. 1776-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அன்றே, முத்திரை அமைப்பதற்காக பிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்ஸன் ஆகிய மூவரையும் காங்கிரஸ் நியமித்தது. பிராங்க்ளின் அப்பொழுது கூறிய யோசனை எந்தப் பறவையைப்பற்றியதுமன்று. மோசஸ் தன் ஜனங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுச் செங்கடலைக் கடக்க, பின்தொடர்ந்த பாரோ மன்னனைக் கடல் விழுங்கும் காட்சியையே அவர் முத்திரையாக்க விரும்பினார். கொடுங்கோலரை எதிர்ப்பது கடவுளுக்குக் கீழ்ப்படிவதாகும் என்பது அதற்கு அவர் விரும்பிய வாசகத்தின் கருத்து. அந்த யோசனை ஏற்கப்படவில்லை. பின்னும் இரண்டு கமிட்டிகள் கூடிக் கலைந்தன. முடிவில் காங்கிரஸின் காரியதரிசி சார்லஸ் தாம்ஸன், வில்லியம் பார்ட்டன் என்பாரின் சித்திரத்தையும் அனுசரித்து, வெண்தலைக் கழுகு ஒரு காலில் ஆலிவ் கிளையும் மறு காலில் 13 அம்புகளும் தாங்கியிருக்கும் முத்திரையை வகுத்தார்.

பிராங்க்ளின் வான்கோழியைப்பற்றி எழுதியது இதற்கு ஒன்றரை வருஷங்களுக்குப் பின்னர். பாரிஸ் நகரையடுத்த பாஸியிலிருந்து 1784-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி தம் குமாரத்தி ஸாராவுக்கு வரைந்த கடிதத்தில் அது காணப்படுகிறது. அக்கடிதம் எழுந்த காரணத்தை அறிந்தாலன்றி அதன் பொருள் விளங்காது. சுதந்திர யுத்தத்தில் ஈடுபட்ட அமெரிக்கப் படைத்தலைவர்கள் 1783-ல் ஸின்ஸினாட்டி சங்கம் என்ற ஒன்றை ஸ்தாபித்தனர். அதன் அங்கத்தினர் பதவி தந்தைக்குப்பின் மூத்த குமாரனுக்கும், அவனுக்குப்பின் அவன் மூத்த குமாரனுக்குமாகப் பரம்பரையாய் இறங்கும் என்பது ஏற்பாடு. அவர்கள் மார்பில் அணிந்த பதக்கத்தின் உருவம் கழுகு. மன்னனையும் பிரபுக்களையும் இப்பொழுதுதான் தள்ளிய ஒரு குடியரசில், புதிய பிரபுக்களின் வர்க்கம் ஒன்று பதக்கத்தோடு முளைப்பதைக் கண்டு பிராங்க்ளின் வெகுண்டார். ஆனால் அவர் வெகுளியை நகைச்சுவையில் தோய்த்தே வெளியிடும் பெரியவர்.

பரம்பரைக் கௌரவத்தை அவர் கணக்கிட்டுக் காட்டிய விதம் படித்து மகிழத்தக்கது. மகன் பாதி தந்தையின் குடும்பத்தையும் பாதி தாயின் குடும்பத்தையும் சேர்ந்தவன். பேரனிடத்தில் மூல புருஷனின் பங்கு காலே. இவ்வாறு குறைந்துகொண்டே சென்றால், ஒன்பதாந் தலைமுறையில் பதக்கம் அணிபவனிடத்தில் முதல் வீரனின் பங்கு 512-ல் ஒன்றுதான். சீன தேசத்தில் ஒருவன் அடையும் கௌரவம் அவனைப் பெற்று வளர்த்த தாய் தந்தையருக்கு மேல்நோக்கி ஏறுகிறது, அதுவே நியாயம், கீழ்நோக்கி இறங்கும் கௌரவம் சந்ததியைச் சோம்பேறியாக்கும் என்பது அவர் வாதம். பிறப்பினால் உயர்வு கற்பிக்கும் எந்த ஏற்பாட்டையும் எதிர்க்கும் நம்மவர், இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இத்தொடரில்தான் கழுகும் வான்கோழியும் வருகின்றன. அந்தப் பதக்கத்தின் கழுகு பார்வைக்கு வான்கோழிபோல் இருக்கிறதென்று சிலர் குறை கூறினர். அவ்வாறிருப்பதில் தமக்கு வருத்தமில்லை என்றார் பிராங்க்ளின். கழுகு நேர்மையாகப் பிழைப்பதன்று; விரால் அடிப்பான் என்னும் பறவை உழைத்துப் பிடித்த மீனை வழிமறித்துப் பறிக்கிறது. அதனோடு கோழையுங்கூட; சிட்டுக்குருவி அளவேயான சிறு பறவை ஒன்று துரத்தினாலும் ஊரை விட்டு ஓடுகிறது. வான்கோழியோ, சற்றுப் பகட்டும் பேதைமையும் உடையதாயினும், அம்மண்ணின் உண்மையான குடி, தைரியசாலி, தன் முற்றத்தில் சிவப்பு அங்கி தரித்த பிரிட்டிஷ் சிப்பாய் அத்துமீறி நுழைந்தால் பாய்ந்து எதிர்க்கத் தயங்காது. அவர் கருத்தின் சாரம் இதுவே. சிவப்பு அங்கியைத் தன் முற்றத்தில் கண்ட எந்த நாட்டாரும் இதைப் படித்துப் புன்முறுவல் கொள்ளாதிருக்க முடியாது.

பிராங்க்ளின் நம் தரப்பு சாக்ஷியானாலும், அவரையும் குறுக்கு விசாரணை செய்வதே நேர்மை. விலங்குக்கும் பறவைக்கும் தர்மம் அதர்மம் இல்லை. கழுகு மீனைப் பறிப்பது அதன் இயற்கை, திருட்டன்று. வெண்தலைக் கழுகும் வட அமெரிக்காவையன்றி வேறெங்கும் வாழாத பறவையே. ஆகவே சுதேசித்தன்மையில் அதனைக் குறைத்துச் சொல்ல இயலாது. எனவே பக்ஷிகளின் ஒழுக்கத்தை அஸ்திவாரமாகக் கொண்டு இவ்வழக்கைத் தீர்மானிக்க நாம் விரும்பவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு குடியரசு தன் உருவமாக எதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்? இதற்கு விடை காண்கையில் வான்கோழியின் பக்கம் மூன்று நியாயங்கள் நிற்கின்றன.

முதலாவது: கழுகு என்னும் சின்னம் ஏகாதிபத்தியங்களின் பழைய உடைமை. ரோமாபுரியின் சேனைகள் கழுகுக் கொடியின் கீழ் உலகைக் கொள்ளையிட்டன. நெப்போலியன் சக்கரவர்த்தியான பின் தன் படைகளுக்குக் கழுகையே அளித்தான். ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கும் ருஷ்ய ஜார் மன்னனுக்கும் இரட்டைத் தலைக் கழுகு. பிரஷ்ய மன்னனுக்கும் கழுகே. முடியாட்சியை உதறிய ஜனங்கள், முடியாட்சிகளின் சின்னக் களஞ்சியத்திலேயே கை விட்டுத் தமக்கு ஒன்றை எடுத்துக்கொண்டது விசித்திரம். 1898-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையில் இரண்டு கோடி டாலர் கொடுத்து ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன் தீவுகளை அமெரிக்கா பெற்றுக்கொண்டது. தம் சுதந்திரத்தைத் தாமே பிரகடனம் செய்துவிட்ட பிலிப்பினோ ஜனங்களை அதன்பின் யுத்தத்தால் அடக்கியது. 1946-ல்தான் அத்தீவுகள் விடுதலை பெற்றன. முத்திரையிலுள்ள கழுகுதான் இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அக்காலத்தில் அந்தக் கழுகு தன் முன்னோர் வழியில் நடந்ததாகவே பிலிப்பினோ தேசபக்தர்களுக்குத் தோன்றியிருக்கும். வான்கோழியின் பெயரால் பிற நாட்டை வென்ற சக்கரவர்த்தி ஒருவனும் இல்லை. அந்தப் பக்ஷியின் வீரம் தன் முற்றத்தைக் காக்கும் வீரம். அயலான் முற்றத்தில் நுழையும் வீரமன்று.

இரண்டாவது: வான்கோழி அந்நாட்டு மண்ணோடு மட்டுமன்றி, மக்களின் உழைப்போடும் சேர்ந்தது. வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்னரே மெக்ஸிகோவின் ஆதிக்குடிகள் அதனைப் பழக்கி வளர்த்தனர். இன்றைய அமெரிக்காவின் தென்மேற்குப் பாகத்தில் வாழ்ந்த ப்யூப்லோ மக்களின் முன்னோர், அதன் இறகுகளை நூலோடு முறுக்கிக் குளிர்காலத்துக்குப் போர்வை நெய்தனர். ஸ்பானியர் மெக்ஸிகோவிலிருந்து அப்பறவையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயினர்; அங்கிருந்து குடியேறிகளோடு அது மறுபடியும் அமெரிக்கா வந்து சேர்ந்தது. தன் கண்டத்துக்கே அந்நியர் கப்பலில் வந்திறங்கிய சுதேசி அது!

அதன் பெயர்களோ இன்னும் வேடிக்கை. இங்கிலீஷ்காரர் அதனைத் துருக்கி நாட்டதென்று கருதி 'டர்க்கி' என்றனர். துருக்கியரோ அதனை 'ஹிந்தி' என்கின்றனர். பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் 'இந்தியாவினது' என்று பொருள்படும். போர்த்துகேசியர் 'பெரு' என்றனர். ஒவ்வொரு ஜாதியாரும் அதனை வேறொரு தேசத்தினது என்று பெயரிட்டனர். சொந்த தேசத்தின் பெயரை ஒருவரும் அதற்குக் கொடுக்கவில்லை. அக்கண்டத்தின் ஆதிக்குடிகளுக்கும் இதே அநீதி நேர்ந்தது. வழி தவறிய மாலுமி இட்ட 'இந்தியர்' என்ற பெயரை அவர்கள் பல நூற்றாண்டுகள் சுமக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டுக்கும் இப்பக்ஷி விருந்தாளியாக வந்ததுண்டு. 1612-ல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொணர்ந்த அபூர்வப் பிராணிகளுள் வான்கோழியும் ஒன்று. ஜஹாங்கீர் பாதுஷா அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறும் விந்தையைக் கண்டு தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். உஸ்தாத் மன்ஸூர் தீட்டிய அதன் சித்திரம் இன்று லண்டன் நகரத்துக் காட்சிச்சாலை ஒன்றில் இருக்கிறது.

மூன்றாவது நியாயமே நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அஃது, அழிவிலிருந்து வான்கோழி மீண்ட கதை. காடுகளை அழித்தும், வரையறையின்றி வேட்டையாடியும், குடியேறியவர்கள் அதனைப் பல மாகாணங்களிலிருந்து அடியோடு ஒழித்தனர். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் கடைசிக் காட்டு வான்கோழி 1851-ல் கொல்லப்பட்டது. 1937-ல் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீதுள்ள வரியைக் காட்டுயிர் மீட்சிக்கென்று ஒதுக்கும் சட்டம் பிறந்தது. பணம் வந்தது, ஆயினும் காரியம் உடனே கைகூடவில்லை. பண்ணைகளில் குஞ்சு பொரித்து வளர்த்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டனர். தீனி தேடவும் தெரியாமல், சத்துருவைக் கண்டு ஒளியவும் தெரியாமல் அவை மடிந்தன. பின்பு, 1950-களில், வெடிமருந்தின் விசையால் வீசப்படும் வலைகளைக் கொண்டு காட்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைகளைப் பிடித்து, வேறு காடுகளில் விட்டனர். அவை நிலைத்தன, பெருகின. 1972, 1973-ம் வருஷங்களில் நியூயார்க் மாகாணத்திலிருந்து கொணர்ந்து மாஸசூஸெட்ஸின் மேற்கு மலைப்பகுதியில் விடப்பட்டவை 37 பறவைகளே. இன்று அம்மாகாணத்தில் அவற்றின் சந்ததி பல்லாயிரம். பாஸ்டன் நகரையடுத்த ப்ரூக்லைன் வீதிகளில் அவை உலாவுவதும், வழிப்போக்கரைத் துரத்துவதும், போலீஸாரிடம் புகார் செல்வதும் சகஜமாகிவிட்டன. பிராங்க்ளின் பிறந்த பாஸ்டனுக்கு அருகிலேயே, அவர் அளித்த நற்சாக்ஷிப் பத்திரம் மெய்ப்பிக்கப்படுகிறது. அலாஸ்கா ஒழிய ஏனைய 49 மாகாணங்களிலும் இப்பொழுது காட்டு வான்கோழி உண்டு.

சுதந்திரத்தைப்பற்றிச் சிந்திப்பவர்கள் இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூண்டில் பிறந்து அந்நியன் கைத்தீனியில் வளர்ந்ததை ஒருநாள் காலையில் திறந்துவிட்டால் மட்டும் சுதந்திரம் வந்துவிடாது. சுதந்திரமாக வாழும் பழக்கம் எங்கேனும் ஒரு மூலையில் உயிரோடு எஞ்சியிருக்க வேண்டும். அந்தச் சிறு மிச்சத்திலிருந்துதான் தேசம் மறுபடி நிரம்பும்.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் மறைக்காது கூறுவோம். கழுகும் அழிவின் வாயிலிலிருந்து மீண்டதே என்பர். உண்மை. 1963-ல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாகாணங்களில் கூடு கட்டிய கழுகுகள் 417 ஜோடிகளே. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்தது. 1972-ல் அம்மருந்து தடுக்கப்பட்டது. 2007-ல் கழுகு அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இது போற்றத்தக்க வெற்றி. ஆனால் இதே கழுகு முத்திரையில் கொலுவிருந்த காலத்தில்தான், 1917 முதல் 1950-களின் தொடக்கம் வரையில், அலாஸ்கா ஸர்க்கார் கழுகைக் கொல்பவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. அவ்வாறு கொல்லப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல். மீன்பிடிப்போரின் வரும்படிக்குக் குறைவு வருமென்ற அச்சமே காரணம். சின்னமாயிருப்பது எந்தப் பிராணியையும் காக்காது. சட்டமும் ஜனங்களின் மனமுமே காக்கும்.

கழுகை ஆதிக்குடிகள் பலர் புனிதமாகக் கருதி, அதன் இறகைச் சடங்குகளில் ஏந்துகின்றனர் என்பர். இதுவே கழுகின் தரப்பில் மிக வலிய வாதம். இதற்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் 1782-ல் முத்திரை வகுத்தவர்கள் ஐரோப்பியச் சின்ன சாஸ்திரத்தைப் பார்த்து வகுத்தனரேயன்றி, ஆதிக்குடிகளின் பக்தியைக் கேட்டு வகுத்தாரல்லர். அந்தப் பக்திக்கு மரியாதை செய்ய வேண்டுமாயின், முத்திரையைவிட அவர்களுடைய நிலமும் உடன்படிக்கைகளும் காப்பாற்றப்படுவதே உண்மையான மரியாதை.

உண்ணும் பறவையைத் தேசியப் பக்ஷியாக்கலாமா என்று கேட்பாரும் உளர். அமெரிக்கக் காட்டெருமை 2016-ல் அந்நாட்டின் தேசிய விலங்காகச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. அதன் மாமிசம் அங்கே கடைகளில் விற்கத்தான் விற்கிறது. ஆகவே அந்த வாதம் நிற்காது. நன்றியறிதல் நாளன்று கோடிக்கணக்கான வான்கோழிகள் அந்நாட்டில் உண்ணப்படுகின்றன. அதே வாரத்தில், 1989 முதற்கொண்டு பிரஸிடெண்டுகள், வெள்ளை மாளிகையில் ஒன்றிரண்டு பறவைகளுக்கு 'மன்னிப்பு' வழங்கிவருகின்றனர். குற்றமே செய்யாததற்கு மன்னிப்பு என்னும் இந்த விநோதச் சட்டம் சக்கரவர்த்திகளின் காலத்தில் நம்மவர்க்கும் பழக்கமானதுதான். அந்தப் பண்ணைப் பறவையோ மார்புச் சதை பெருக வளர்க்கப்பட்டு, பறக்கவும், மனித உதவியின்றி இனம் பெருக்கவும் இயலாததாய்விட்டது. அதன் உடன்பிறப்பாகிய காட்டு வான்கோழி அந்தியில் மரத்தின் உச்சிக்கிளையில் பறந்தேறித் துயில்கிறது. இரண்டும் ஒரே இரத்தம். நடுவிலுள்ள வேறுபாடு அடிமைத்தனம் ஒன்றே.

நம் தேசத்துக்கும் இதில் சம்பந்தமுண்டு. 1963-ல் மயில் நம் தேசியப் பக்ஷியாயிற்று. மயிலுக்கு ஒரு குறையுமில்லை. பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி விரும்பியதோ, ஆங்கிலத்தில் பஸ்டர்டு எனப்படும் பெரும் பறவையை. தமிழில் அதற்குக் கானமயில் என்று பெயர். ஒருகாலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட வெளிகளிலும் இருந்த அது, இங்கே மறைந்துவிட்டது. நாடு முழுவதிலும் இன்று எஞ்சியவை 200-க்கும் குறைவு. வான்கோழியை நகைப்பதற்கு மூதுரையை எடுத்துக்காட்டும் நாம், வான்கோழியை அமெரிக்கர் மீட்டதையும், கானமயிலை நாம் இழந்ததையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

அமெரிக்க ஜனங்கள் தம் சட்டத்தை மாற்றவேண்டுமென்று அயலார் கோருவது முறையாகாது, நாம் கோரவுமில்லை. அவர்களுடைய கழுகு நீடூழி வாழ்க! ஆயினும், பிறர் உழைப்பைப் பறிக்காமலும், பிறர் முற்றத்தில் நுழையாமலும், தன் முற்றத்தில் எவனையும் அத்துமீற விடாமலும் வாழ்வதே ஒரு சுதந்திர தேசத்துக்கு அழகென்று எண்ணும் அமெரிக்கர் இன்றும் பலர் உளர். பட்டா எப்பக்ஷியின் பேரில் இருந்தாலும், அந்தக் கொள்கையை அவர்கள் தம் ஸர்க்காருக்கு இடையறாது நினைவூட்டிவருதல் வேண்டும். நம்முடைய ஸர்க்காருக்கு அதையே நினைவூட்டும் பொறுப்பு நம்முடையது.